ரிசர்வ் வங்கி இவ்வளவு தங்கம் வாங்கி வைப்பது சரிதானா?

தாமிரபரணி

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2009இல் ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியத்திடம் 200 டன் வாங்கியதோடு ரிசர்வ் வங்கியின் தங்கம் 557 டன் சொச்சத்தில் நின்றது. அப்புறம் எட்டு வருடம் அசையவே இல்லை. 2017 கடைசியில் மறுபடி வாங்க ஆரம்பித்து, 2025 செப்டம்பர் கடைசிக் கணக்கில் 880 டன் ஆகிவிட்டது. மொத்த அந்நியச் செலாவணிக் கையிருப்பில் கிட்டத்தட்ட 14 சதவீதம் அப்போது தங்கம், 2024 மார்ச்சில் 8 சதவீதம்தான். பவுன் இவ்வளவு விலை விற்கிற நேரத்தில் அரசாங்கத்தின் அவசரப் பணத்தை இதில் போடுவது நியாயமா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன மாதம் தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு அம்மாவின் இரண்டு வளையலை வைக்க கூட்டுறவு வங்கிக்குப் போனோம். அப்ரைசர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், ஆசிட் ஒரு சொட்டு விட்டுக் கோடு நிற்கிறதா என்று பார்த்தார், எடை போட்டார், அரை மணி நேரத்தில் பணம் கையில். யாரும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா, "பன்னிரண்டு வருசமா பீரோவுல சும்மாதான கிடந்துச்சு, கிடந்ததாலதான் இன்னிக்கு ஆச்சு" என்றார்.

வீட்டுக்கு அது சரி. நாட்டுக்கும் அதே கணக்கா? தங்கம் வட்டி தராது. அமெரிக்க அரசுப் பத்திரத்தில் போட்டிருந்தால் வருடம் 4 சதவீதமாவது வரும். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ரோடு போடலாம், ஆஸ்பத்திரி கட்டலாம். அப்படியே விலை உயர்ந்த உலோகம்தான் வேண்டும் என்றால் வெள்ளியையும் வாங்கலாமே, ஏன் தங்கம் மட்டும்?

---

பழைய_காசாளர்

தம்பி, முதலில் ரோடு, ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். இது பட்ஜெட் பணம் இல்லை. ஏற்றுமதி செய்கிறவர், துபாயிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறவர், வெளிநாட்டு முதலீட்டாளர் எல்லோரும் கொண்டுவருகிற டாலரை ரிசர்வ் வங்கி வாங்கி, அதற்கு ரூபாய் கொடுத்துவிடுகிறது. அந்த ரூபாய் ஏற்கெனவே நாட்டுக்குள் இறங்கிப் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதே டாலரைக் காட்டி மறுபடியும் ரோடு போடு என்றால் ஒரே பணத்தை இரண்டு தடவை செலவு செய்கிற மாதிரி. இந்தக் கையிருப்பு இருப்பதே கச்சா எண்ணெய், மருந்து மூலப்பொருள், உரம் இதற்கெல்லாம் வெளியே கொடுக்கவும், ரூபாய் சரிகிறபோது தாங்கிப் பிடிக்கவும்தான்.

இனி தங்கம். 1991இல் நான் சென்னையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் குமாஸ்தா. அந்தக் கோடையில் எல்சி (இறக்குமதிக்கு வங்கி தருகிற உத்தரவாதக் கடிதம்) திறக்க வருகிற வியாபாரிகளிடம், சரக்கின் விலைக்கு மேலேயே முன்பணம் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இருபது வருடமாக வந்துபோகிற ஒரு தோல் ஏற்றுமதிக்காரர், ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனம் வரவழைக்க வேண்டும், ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இதுல என்ன சார் தப்பு இருக்கு?" என்று கேட்டார். ஃபாரத்தில் தப்பே இல்லை. நாட்டில் டாலர் இல்லை. கையிருப்பு சுமார் மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது, வெளிநாட்டு இந்தியர்கள் போட்டிருந்த டெபாசிட்டை எடுத்துக்கொண்டார்கள், குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க எந்த வெளிநாட்டு வங்கியும் தயாராக இல்லை.

அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? மே மாதம் பிடிபட்ட கடத்தல் தங்கம் 20 டன்னை ஸ்டேட் வங்கி மூலமாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். அது போதவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கம் 46.91 டன்னை எடுத்து, பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் வைத்து 40.5 கோடி டாலர் வாங்கியது. அப்போது ஆளுநர் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன். தங்கம் இங்கேயே இருக்கட்டும், சீட்டு எழுதித் தருகிறோம் என்றால் நடக்கவில்லை, விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தங்கத்தின் மதிப்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் கடன். உங்கள் அம்மாவின் வளையலுக்குக் கூட்டுறவு வங்கியில் கொடுத்ததும் அதை ஒட்டித்தான் இருக்கும், பாருங்கள்.

அதே வருடக் கடைசிக்குள் மீட்டுவிட்டோம். மூழ்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி பேப்பரில் வந்த காலையில் எங்கள் கிளையில் ஒருத்தரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, வீட்டில் தாலியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள், அன்றைக்கு அந்த 46.91 டன் நம்மிடம் இல்லாமல் இருந்திருந்தால் எதை வைத்துக் கேட்டிருப்போம்? வாக்கை நம்பிக் கொடுக்க யாருமே இல்லாத நாளில் தங்கத்தை நம்பிக் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கி தங்கம் வைப்பது லாபத்துக்காக இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

---

ஈரோட்டுக்_கணக்கன்

ஐயா சொன்னது சத்தியம், ஆனால் 1991ஐ மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 2021 செப்டம்பரில் நம் கையிருப்பு 642 பில்லியன் டாலர். அடுத்த வருடம் உக்ரைன் போர், அமெரிக்க வட்டி உயர்வு, எண்ணெய் விலை எல்லாம் சேர்ந்து அக்டோபரில் 525 பில்லியனுக்குப் பக்கத்தில் இறங்கியது. கொஞ்சம் மற்ற நாணயங்களின் மதிப்புச் சரிவு, மீதி ரூபாயைத் தாங்கிப் பிடிக்க விற்ற டாலர். அந்த நேரத்தில் தங்கத்தில் கை வைக்கவே இல்லை, சொல்லப்போனால் டன் கணக்கு கூடித்தான் இருந்தது. தினசரிச் சண்டைக்குத் தேவைப்படுவது உடனே விற்கக்கூடிய டாலர், அதற்குத் தங்கக் கட்டி உதவாது. அதனால் கையிருப்பில் பெரும்பங்கு பத்திரமாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலை விஷயத்திலும் எல்லோரும் பிரிட்டன் கதையைத்தான் சொல்வார்கள், 1999 முதல் 2002 வரை 395 டன்னை அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) சராசரி 275 டாலருக்கு விற்று ஏமாந்தார்கள் என்று. அது உண்மை. ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலர் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருடம், வட்டி ஒரு காசு இல்லாமல்! 2009 நவம்பரில் நாம் ஐஎம்எஃப்பிடம் வாங்கிய 200 டன்னுக்குக் கொடுத்தது 6.7 பில்லியன் டாலர், அவுன்ஸுக்கு 1,045 டாலர். நடுவில் 1,900 வரை போய், 2015 டிசம்பரில் சுமார் 1,050க்கு வந்து நின்றது. ஆறு வருடம் கழித்து டாலர் கணக்கில் அசல் மட்டும்தான் மிச்சம். 2025இல் 4,000 ஆனதும் அந்த வாங்குதலை எல்லோரும் புகழ்கிறார்கள், 2015இல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

தாமிரபரணிக்கு ஒரு திருத்தம். 8 சதவீதம் 14 ஆனது முக்கியமாக வாங்கியதால் இல்லை. 2024 மார்ச்சில் 822 டன், 2025 செப்டம்பரில் 880 டன், எடை ஏறியது 7 சதவீதம்தான். மீதி முழுக்க விலை ஏற்றம். அதிலும் 2025 மார்ச்சில் 879.58 டன், செப்டம்பரில் 880.18 டன். ஆறு மாதத்தில் ஒரு டன்கூட வாங்கவில்லை. விலை உச்சியில் போய் வாங்குகிறார்கள் என்பது சரியில்லை, உச்சியில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

வெள்ளி கேட்டீர்கள். ஐஎம்எஃப் கணக்கு முறையில் கையிருப்பு என்று எண்ணப்படுவது தங்கம் மட்டும், அதுவும் ஆயிரத்துக்கு 995 பங்கு சுத்தத்துக்குக் குறையாதது. வெள்ளி எவ்வளவு வாங்கினாலும் அது ஒரு சரக்கு, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அதன் விலை பயங்கரமாக ஆடும், 1980 ஜனவரியில் 50 டாலர், மார்ச் கடைசியில் 11 டாலருக்கும் கீழே. ஒரு நாட்டின் அவசரப் பணத்தை அதில் வைக்க முடியாது.

---

வடமராட்சி

நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கம். எங்கட நாட்டில் நடந்ததைச் சொன்னால் இந்தக் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

2021 மார்கழியில் (டிசம்பரில்; நாங்கள் ஆங்கில மாதத்தையும் தமிழ்ப் பெயரில்தான் சொல்லுவம்) எங்கள் மத்திய வங்கி தன்னிடம் இருந்த தங்கத்தில் பாதிக்கு மேல் விற்றது. கையில் இருந்த தங்கத்தின் பெறுமதி 382 மில்லியன் டொலரிலிருந்து 175 மில்லியனுக்கு இறங்கியது. கையில் காசாக டொலர் வேண்டும் என்பதற்காக விற்றதாக ஆளுநர் சொன்னார். அடுத்த மாதம், 2022 தை 18ஆம் திகதி, 500 மில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடன் பத்திரம் ஒன்றை முழுதாகக் கட்டினார்கள். கட்டாமல் கடனை மறுசீரமைக்கச் சொல்லி எத்தனையோ பொருளியலாளர்கள் கேட்டார்கள், கேட்கவில்லை. சித்திரை 12ஆம் திகதி இனி வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது என்று அறிவித்தார்கள். வைகாசியில் நிதி அமைச்சர், பாவிக்கக்கூடிய வெளிநாட்டு ஒதுக்கு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நாட்களில் எங்கள் கரையில் படகுகள் வரிசையாக ஏற்றி வைத்தபடி கிடந்தன, மண்ணெண்ணெய் இல்லை. கடலில் மீன் இருக்கிறது, தொழில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், இயந்திரத்துக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. மாமா ஒருவர் மூன்று நாள் கானோடு வரிசையில் நின்றார். வீட்டில் என்ன நடந்தது என்றால், அக்கா தன் நாலு பவுண் சங்கிலியை அடைவு வைத்துத்தான் அரிசி, பால்மா எல்லாம் வாங்கினா. அக்காவிடம் வைக்க ஒரு சங்கிலி இருந்தது, நாட்டிடம் இருந்ததை அதற்கு முதலே விற்றுவிட்டார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், விற்ற தங்கத்தின் 200 மில்லியன் டொலர் எங்களைக் காப்பாற்றியிராது, நாடு முழுக்க ஒரு மாத எரிபொருளுக்கே அது காணாது. விற்றதற்காக நான் கோபப்படவில்லை, அவசரத்துக்குத்தானே தங்கம். கோபம் எல்லாம் அவசரம் எது என்று எடுத்த முடிவில்தான். கடன் பத்திரக்காரருக்குத் தவணை தவறாமல் கட்டுவது அவசரமாகத் தெரிந்தது, மருந்தும் எண்ணெயும் தெரியவில்லை. இந்தியா 880 டன் வைத்திருப்பது நல்லது. அதை எந்த நாளில், யாருக்காக எடுப்பார்கள் என்று நீங்கள் இப்போதே கேட்டு வையுங்கள்.

---

தாமிரபரணி

வடமராட்சி அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதியதற்கு நன்றி.

கணக்கன் சார், டன் கணக்கைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, நான் தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்று. இந்தத் தங்கத்தில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது என்கிறார்களே, அவசரத்துக்கு என்று வைப்பதை அடுத்தவர் வீட்டில் ஏன் வைக்க வேண்டும்?

---

பழைய_காசாளர்

இதுதான் எனக்கும் முக்கியமான கேள்வி. தங்கம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே கிடக்கிறது என்பதைத்தான் நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

லண்டனில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உலகத் தங்க வியாபாரத்தின் மையம் அது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நிலவறையில் சுமார் நான்கு லட்சம் கட்டிகள் இருக்கின்றன, பல நாடுகளுடையது. ஒரு கட்டி ஏறத்தாழ 12.5 கிலோ, நம் கணக்கில் 1,560 பவுன். அடியில் களிமண் பூமி என்பதால் பாரம் தாங்காது என்று உயரமாக அடுக்குவதில்லை. அங்கேயே இருந்தால் விற்பதோ அடகு வைப்பதோ புத்தகத்தில் பெயரை மாற்றும் வேலைதான், விமானம், காப்பீடு, தரச் சோதனை எதுவும் வேண்டாம். 1991இல் ஏற்றி அனுப்பியதையும், 2009இல் வாங்கியதையும் அங்கேயே விட்டதற்கு இதுதான் காரணம். கொஞ்சத்தைத் தங்க டெபாசிட்டாகக் கொடுத்து சிறு வட்டியும் வாங்குகிறார்கள், வட்டியே கிடையாது என்பது முழு உண்மை இல்லை. ஆனால் அது 2025 செப்டம்பரில் 14 டன் அளவுக்குத்தான்.

ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. வெனிசுவேலாவின் 31 டன் தங்கம் அதே நிலவறையில் வருடக்கணக்காக முடங்கிக் கிடக்கிறது. மதுரோவை அந்த நாட்டின் அதிபராக பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை, கேஸ் கோர்ட் வரை போனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. அந்தப் போரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. உலகத்து மத்திய வங்கிகள் எல்லாம் அன்றைக்கு ஒன்றைப் பார்த்தன, அடுத்தவர் புத்தகத்தில் எழுதியிருக்கும் பணம் அவர் சம்மதம் இருக்கும்வரைதான் நம் பணம். 2022, 2023, 2024 மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வருடத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். போலந்து 2019லேயே 100 டன்னை லண்டனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

நாமும் கொண்டுவருகிறோம். 2024 மார்ச்சில் நாட்டுக்குள் 408 டன், 2025 செப்டம்பரில் 576 டன். பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் சுவிட்சர்லாந்தின் பாசலில் உள்ள, மத்திய வங்கிகளுக்கான பிஐஎஸ் வங்கியிடமும் சேர்ந்து மிச்சம் 290 டன். 1991இல் விமானம் ஏறியதைப் பார்த்த ஆள் நான், 2024இல் லண்டனிலிருந்து நூறு டன் திரும்பி வந்தது என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

---

செவ்வந்தி

இவ்வளவு பேசினோம், ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தங்கத்தை வாங்கிக் குவிப்பது ரிசர்வ் வங்கி. அதே காலத்தில் மத்திய அரசு தங்கத்தைக் கடனாக ஏற்றிக்கொண்டது, தங்கப் பத்திரம் மூலமாக.

2015 நவம்பரில் வந்த முதல் தவணையில் நான் பத்து கிராம் வாங்கினேன். கிராம் 2,684 ரூபாய், மொத்தம் 26,840. அதற்கு வருடம் 2.75 சதவீத வட்டி வேறு. எட்டு வருடம் முடிந்து 2023 நவம்பரில் கிராம் 6,132 என்று 61,320 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கம் நான் கொடுத்த பணத்துக்குத் தங்கம் வாங்கி வைக்கவில்லை, செலவு செய்துவிட்டது. விலை ஏறியதெல்லாம் வரிப் பணத்திலிருந்து போகிறது. 2024 பிப்ரவரி வரை 67 தவணையில் சுமார் 147 டன்னுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் புதிதாக வெளியிடவில்லை. ஆனால் ஏற்கெனவே கொடுத்தவை 2032 வரைக்கும் ஒவ்வொன்றாக முதிர்ந்துகொண்டே இருக்கும், அன்றைய விலைக்கு.

ரிசர்வ் வங்கிக்குத் தங்கத்தில் லாபம் வந்திருக்கிறதே, அதில் இதைக் கட்டலாமே என்றால் அதுவும் முடியாது. தங்க விலை ஏறிய லாபம் தனியாக ஒரு மறுமதிப்பீட்டுக் கணக்கில் கிடக்கும், விற்காத வரை அது ஏட்டு லாபம். அதை அரசுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எவ்வளவு மூலதனம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆராய்ந்த பிமல் ஜலான் குழு 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024-25க்கு ரிசர்வ் வங்கி அரசுக்குக் கொடுத்த 2.69 லட்சம் கோடியும் தங்க விலையால் வந்ததில்லை, டாலர் விற்ற லாபமும் பத்திர வட்டியும்தான். அந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்பதுதான் என் கருத்தும். விலை இறங்குகிற வருடத்தில் அதுதான் தாங்க வேண்டும்.

---

ஈரோட்டுக்_கணக்கன்

செவ்வந்தி மேடம் சொன்னது ரொம்பச் சரி, இதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. 147 டன் என்பது 2017க்கு அப்புறம் ரிசர்வ் வங்கி வாங்கிய 320 சொச்சம் டன்னில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டி வேறு வேறு என்றாலும் வீடு ஒன்றுதானே.

என் நிலை இதுதான்: இருப்பதை விற்க வேண்டாம், லண்டனில் மிச்சம் உள்ளதில் வியாபாரத்துக்குத் தேவையானது போக மற்றதைக் கொண்டுவரட்டும், இந்த விலைக்குப் புதிதாக வாங்குவதை நிறுத்தி வைக்கட்டும். காசாளர் ஐயா இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

---

பழைய_காசாளர்

முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொள்கிறேன், மூன்றாவதுக்கு இல்லை. விலை பார்த்து வாங்குவது வியாபாரி செய்யும் வேலை. வருடம் இருபது முப்பது டன் என்று சத்தம் இல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கலாம், ஏறினாலும் இறங்கினாலும். 880 டன்னைத் தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு 0.63 கிராம்தான் வருகிறது, ஒரு மூக்குத்திக்குக் காணும். 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாமிரபரணி தம்பி, ரிசர்வ் வங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையிருப்பு அறிக்கை வெளியிடுகிறது, மார்ச், செப்டம்பர் கடைசிக் கணக்கோடு. தங்கம் எங்கே எவ்வளவு என்று அதில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். அடுத்த கணக்கு வந்ததும் அந்த 290 என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். அப்புறம் அம்மாவின் வளையலுக்குத் தவணைத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வட்டியை மட்டுமாவது முன்னாலேயே கட்டிவிடுங்கள்.

---

தாமிரபரணி

குறித்து வைத்துவிட்டேன் ஐயா, ஃபோனில் இரண்டு தேதியும் இருக்கிறது.